அளவுகோல் யார் கையில்? - கலாயோகி ஆனந்தக் குமாரசுவாமியின் வாழ்வும் பணியும்

ஈழத்திருநாடு உலகிற்கு ஈந்த பேரறிஞர்களுள் கலாயோகி ஆனந்தக் குமாரசுவாமி தனியிடம் பெற்றவர். கொழும்பில் பிறந்து, இங்கிலாந்தில் வளர்ந்து, இந்தியாவை நேசித்து, அமெரிக்காவில் மறைந்தவர் அவர். அவருடைய பெயரை எம்மவர் பலர் அறிவர். அவர் எதற்காக வாதாடினார் என்பதை அறிந்தோர் சிலரே. கீழைத்தேய மக்களின் கலையையும் சிந்தனையையும் ஐரோப்பாவின் அளவுகோலால் அளந்து, குறை கண்டு, ஒதுக்கி வைக்கும் வழக்கம் கேள்வியின்றி நிலவிய காலத்தில், அந்த அளவுகோல் யாருடையது, அதனைப் பொதுவானதென்று தீர்மானித்தவர் யார் என்று கேட்டவர் அவர். இன்று ஐரோப்பிய மையவாதம் என்று பல்கலைக்கழகங்களில் பேசப்படும் பொருளை, அப்பெயர் வழக்கிற்கு வருமுன்னரே அவர் எடுத்து ஆராய்ந்தார். சிட்னியிலும் மெல்பேர்ணிலும் பிள்ளைகளை வளர்க்கும் நாம் அவரது வரலாற்றை மீண்டும் எண்ணிப் பார்ப்பது பொருத்தமாகும்.

பிறப்பும் குடும்பமும்

ஆனந்தக் குமாரசுவாமி 1877ஆம் ஆண்டு ஆகஸ்ட் 22ஆம் திகதி கொழும்பில் பிறந்தார். தந்தையார் சேர் முத்துக் குமாரசுவாமி. தாயார் எலிசபெத் பீபி, இங்கிலாந்தின் கென்ற் பகுதியைச் சேர்ந்தவர். அப்பகுதியின் நினைவாகவே மகனின் பெயரில் கென்ரிஷ் என்ற சொல்லும் சேர்ந்தது. சேர் பொன்னம்பலம் இராமநாதனும் சேர் பொன்னம்பலம் அருணாசலமும் முத்துக் குமாரசுவாமியின் சகோதரியின் மைந்தர்கள். ஆதலால் அவ்விருவரும் ஆனந்தருக்கு மைத்துனர் முறையினர்.

தந்தையார் சட்டநிரூபண சபையில் தமிழர் பிரதிநிதியாக விளங்கியவர். 1863இல் இலண்டனில் பாரிஸ்டரானவர். அரிச்சந்திர நாடகத்தை ஆங்கிலத்தில் தந்தவரும் அவரே. சைவத் தமிழரான அவர் பாளி மொழியிலிருந்து சுத்தநிபாதத்தையும், புத்தரின் தந்தச் சின்னத்தின் வரலாறு கூறும் தாதாவம்சத்தையும் 1874இல் ஆங்கிலத்தில் வெளியிட்டார். தமிழரும் சிங்களவரும் பகைமையால் பிளவுண்டு பேரழிவைக் கண்ட எமது தலைமுறைக்கு, ஒரு சைவர் பௌத்த நூல்களை உலகிற்கு அறிமுகஞ்செய்த அந்தக் காலம் வியப்பாகவே தோன்றும்.

மகனுக்கு இரண்டு வயது நிரம்புமுன் தாயார் அவரை இங்கிலாந்துக்கு அழைத்துச் சென்றார். பின்தொடரவிருந்த தந்தையார் 1879 மே மாதம் 4ஆம் திகதி, கப்பல் ஏறவேண்டிய நாளிலேயே காலமானார். இவ்வாறு தந்தையின் முகமும் தந்தையின் மொழியும் அறியாத பிள்ளையாக ஆனந்தர் இங்கிலாந்தில் வளர்ந்தார். குளொஸ்ரர்ஷயரிலுள்ள விக்ளிவ் கல்லூரியில் பயின்றபின், இலண்டன் பல்கலைக்கழகக் கல்லூரியில் தாவரவியலும் புவிச்சரிதவியலும் கற்று 1900இல் சிறப்புப் பட்டம் பெற்றார்.

கல்லைத் தேடி வந்தவர்

இலங்கைக்கு அவர் திரும்பியது கலையைத் தேடி அன்று, கனிமங்களைத் தேடியே. 1903 முதல் 1906 வரை இலங்கைக் கனிமவள ஆய்வுப் பகுதியின் முதல்வராகப் பணியாற்றினார். தோரியனைற் என்னும் கதிரியக்கக் கனிமம் உலகிற்குத் தெரியவந்தது அவரது ஆய்வினாலேயே. அவரது ஆய்வுகளுக்காக இலண்டன் பல்கலைக்கழகம் 1906இல் விஞ்ஞானக் கலாநிதிப் பட்டம் வழங்கிற்று. அவ்வழியிலேயே சென்றிருந்தால் ஆங்கில அரசின் மதிப்புமிக்க விஞ்ஞானியாக அவர் வாழ்ந்து முடித்திருப்பார்.

ஆனால் மலைநாட்டுக் கிராமங்களில் பாறைகளை ஆராய்ந்து திரிந்தவரின் கண்களில் வேறொன்று பட்டது. வெள்ளி வேலை செய்வோர், தந்தம் கடைவோர், அரக்கு வேலைக்காரர், பாய் இழைப்போர், விகாரைச் சுவரில் சித்திரம் தீட்டுவோர் எனத் தலைமுறை தலைமுறையாகத் தொழில் பயின்ற குடும்பங்கள் தொழிலின்றி நலிந்துகொண்டிருந்தன. 1815இல் கண்டி அரசு வீழ்ந்தபின் அவர்களை ஆதரிக்க அரசவை இல்லை. கப்பலில் வந்திறங்கிய இயந்திரப் பொருள்களோ மலிவாக இருந்தன. கற்றோரும் செல்வரும் தமது பாட்டன் வீட்டுப் பொருள்களை நாகரிகக் குறைவென்று தள்ளிவிட்டு, இங்கிலாந்தின் மூன்றாந்தரப் பொருள்களை வரவேற்பறையில் வைத்துப் பெருமைப்பட்டனர்.

இதனைக் கண்டபோதுதான் அவரது வாழ்க்கையின் திசை மாறிற்று. 1905இல், பழைய கட்டடங்களைப் பேணாது அழியவிடும் கண்டிப் பிரதானிகளுக்குப் பகிரங்கக் கடிதம் வரைந்தார். தமக்குரிய உடையை விட்டு ஐரோப்பிய உடையை இரவல் வாங்குவோரைக் கண்டித்துச் சிறுநூல் எழுதினார். இலங்கைச் சமூக சீர்திருத்தச் சங்கத்தைத் தோற்றுவித்து, அதன் சார்பில் ஒரு சஞ்சிகையையும் நடத்தினார். சுதேச மொழிகளுக்குக் கல்வியில் இடம் வேண்டும், இலங்கைக்கென ஒரு பல்கலைக்கழகம் வேண்டும் என்ற கோரிக்கைகளை முன்வைத்தார். பல்கலைக்கழகக் கல்லூரி 1921இலும் பல்கலைக்கழகம் 1942இலும் உருவாயின.

அவர் கண்டித்தது உடையை மாத்திரமன்று என்பதை நாம் கவனிக்க வேண்டும். ஆட்சியாளன் நாட்டைப் பிடிப்பது ஒன்று. ஆளப்படுவோன் தன் வீட்டுப் பொருளையே ஆட்சியாளனின் கண்ணால் பார்த்து வெட்கப்படுவது மற்றொன்று. முன்னதை ஒரு நாள் ஒப்பந்தத்தால் முடிக்கலாம். பின்னது கொடி மாறிய பின்னரும் நீடிக்கும் என்பதை அவர் விடுதலைக்கு நாற்பது ஆண்டுகளுக்கு முன்னரே உணர்ந்திருந்தார்.

இலங்கையில் திரட்டிய செய்திகளை மத்தியகாலச் சிங்களக் கலை என்னும் பெருநூலாக 1908இல் வெளியிட்டார். நூலுக்கான புகைப்படங்களைப் பெரும்பாலும் எடுத்தவர் அவருடைய முதல் மனைவியார் எதெல். இங்கிலாந்துக் கிராமமொன்றில், கைவினையின் சிறப்பைப் போதித்த வில்லியம் மொரிஸ் பயன்படுத்திய அச்சுப்பொறியிலேயே அந்நூல் 425 பிரதிகள் அச்சாயிற்று. சிங்களக் கைவினைஞருக்காகத் தமிழர் ஒருவர் எழுதிய நூல், ஆங்கிலேயச் சீர்திருத்தவாதி ஒருவரின் அச்சுப்பொறியில் உருவானது. இயந்திர நாகரிகத்தை எதிர்த்த மொரிஸ் போன்றோரிடமிருந்து அவர் நிறையக் கற்றார். ஐரோப்பாவை விமர்சிக்க ஐரோப்பாவின் நல்ல குரல்களையே துணைக்கழைத்த அந்தப் பண்பு இறுதிவரை அவரிடம் நிலைத்தது.

இலண்டனில் எழுந்த வாதம்

1910 ஜனவரியில் இலண்டன் கலைக்கழகக் கூட்டமொன்றில், சென்னையிலும் கல்கத்தாவிலும் கலைப்பள்ளி முதல்வராக இருந்த ஹவெல் இந்தியக் கலை பற்றி உரை நிகழ்த்தினார். தலைமை வகித்தவர் சேர் ஜோர்ஜ் பேர்ட்வூட். இந்தியாவில் பல்லாண்டு வாழ்ந்து, அதன் கைத்தொழில்களைப் புகழ்ந்து நூலெழுதியவர் அவர். ஆயினும் இந்தியாவில் நுண்கலை என்று ஒன்று இல்லை என்பது அவர் துணிபு. அருகிலிருந்த ஜாவா நாட்டுப் புத்தர் படிமத்தின் படத்தைச் சுட்டி, அவித்த கொழுப்புக் களியும் இதே அமைதியைக் காட்டுமே என்னும் பொருள்பட எள்ளி நகையாடினார்.

இந்தியாவை அறியாத ஒருவர் இதனைச் சொல்லியிருந்தால் அறியாமை என்று விட்டுவிடலாம். இதைச் சொன்னவரோ அறிஞர். அவரது கண்ணுக்குக் கிரேக்கச் சிலையின் தசையும் நரம்புமே கலையின் இலக்கணம். அவ்விலக்கணத்தில் அடங்காதது கலையன்று. ஐரோப்பிய மையவாதம் என்பது வெறும் வெறுப்பன்று என்பதை இந்நிகழ்ச்சி நன்கு காட்டுகின்றது. அன்பும் அறிவும் உடையோரிடத்தும் அது இருக்கும். ஓரிடத்து வழக்கத்தை உலக நியதி என எண்ணிவிடுவதே அதன் வேர்.

கலைஞர்களும் எழுத்தாளர்களும் பதின்மூவர் பேர்ட்வூட்டை மறுத்துப் பத்திரிகைக்குக் கடிதம் எழுதினர். அவ்வாண்டிலேயே இந்தியச் சங்கம் தோன்றிற்று. அதனை நிறுவியோருள் ஆனந்தக் குமாரசுவாமியும் ஒருவர். இந்தியப் படிமம் உடலைப் பார்த்துச் செய்த உருவமன்று. தியானத்தில் உள்ளத்தே கண்ட உருவத்தைச் சிற்பி கல்லிலும் உலோகத்திலும் வெளிக்கொணர்கிறான். எனவே அதனை உடற்கூற்றால் அளப்பது, பாட்டைத் தராசில் நிறுப்பது போன்றது என்று அவர் தொடர்ந்து விளக்கி வந்தார்.

ஆடல்வல்லானும் தமிழ்ச் சைவமும்

அவரது எழுத்துகளுள் உலகப் புகழ் பெற்றது சிவநடனம் என்ற கட்டுரை. 1918இல் அதே பெயருடைய நூலில் நியூயோர்க்கில் வெளிவந்தது என்றே பலர் அறிவர். அது முதலில் தோன்றியது 1912இல், நல்லசாமிப் பிள்ளை தொடங்கிய சித்தாந்த தீபிகை என்னும் சைவ சஞ்சிகையிலாகும். நடராசப் பெருமானின் வடிவத்திற்குப் பொருள் சொல்ல அவர் கிரேக்க நூல்களை நாடவில்லை. திருமூலரின் திருமந்திரத்தையும், திருவதிகை மனவாசகங்கடந்தார் அருளிய உண்மை விளக்கத்தையும் நாடினார். துடியில் படைப்பு, அபய கரத்தில் காப்பு, தீயில் அழிப்பு, ஊன்றிய திருவடியில் மறைப்பு, தூக்கிய திருவடியில் அருள் என்று எமது ஆசிரியர்கள் சைவ வினாவிடையோடு சொல்லித் தந்த ஐந்தொழிலே அக்கட்டுரையின் உயிர்நாடி.

விளைவு பெரிது. பிரெஞ்சுச் சிற்பி ரொடின் சென்னை அருங்காட்சியக நடராசரின் புகைப்படங்களைக் கண்டு வியந்து எழுதியதும், குமாரசுவாமியின் எழுத்தும் 1921இல் பாரிஸில் ஒரே தொகுதியில் வெளிவந்தன. 2004இல் இந்திய அரசு ஜெனிவா அருகேயுள்ள அணுத்துகள் ஆய்வு நிலையத்திற்கு நடராசர் சிலையொன்றை வழங்கியபோது, அதன் விளக்கப் பலகையில் இடம்பெற்றதும் குமாரசுவாமியின் கருத்தே. எமது கோயிலில் எண்ணெய்க் காப்பும் பாலாபிடேகமும் பெறும் மூர்த்தி, உலகச் சிந்தனையின் ஒரு குறியீடாக ஏற்கப்பட்டமைக்கு அடித்தளம் தமிழ்ச் சாத்திரங்களே என்பதை எமது பிள்ளைகளுக்கு நாம் சொல்லியிருக்கிறோமா?

இந்தியா ஏற்காத செல்வம்

இந்தியா எங்கும் பயணஞ்செய்து, ராஜபுத்திர ஓவியங்களைத் திரட்டினார். முகலாய ஓவியத்தின் நிழலாகவே அதுவரை கருதப்பட்ட அவற்றை, தனி மரபென நிறுவி 1916இல் நூல் வெளியிட்டார். காசியில் ஒரு தேசிய அரும்பொருட்சாலை அமைக்கப்படுமாயின் தமது திரட்டு முழுவதையும் நாட்டுக்கே தருவதாக முன்வந்தார். செல்வரும் தலைவரும் நிறைந்த நாட்டில் அதற்குப் பொருள் உதவுவார் இல்லை.

அப்போது முதல் உலகப் போர் நடந்துகொண்டிருந்தது. அடிமை நாட்டின் மைந்தன் ஆளும் நாட்டுக்காகப் போர் புரியக் கடமைப்பட்டவன் அல்லன் என்று பிரித்தானியப் படையிற் சேர மறுத்தார். 1917இல் அமெரிக்காவின் பொஸ்டன் நுண்கலை அருங்காட்சியகம் அவரை இந்தியக் கலைப் பகுதியின் காப்பாளராக அழைத்தது. அவரது திரட்டும் அங்கேயே சென்றது. எமது செல்வத்தை அயலார் கொண்டுபோயினர் என்று முறையிடும் நாம், கையில் தர வந்தபோது கை நீட்டாதவர் நாமே என்பதையும் மறத்தலாகாது.

பொஸ்டனில் முப்பது ஆண்டுகள் அவர் வாழ்ந்தார். அவருடைய இல்லற வாழ்வு நான்கு திருமணங்களையும் பிரிவுகளையும் துயரங்களையும் கண்டது. எழுத்துப் பணி ஓயவில்லை.

புத்தர் உருவம் யார் தந்தது?

முதற் புத்தர் படிமம் கிரேக்கச் சிற்பிகளின் வழிவந்தது என்பது அக்காலத்தில் ஏறக்குறைய முடிந்த முடிபாக இருந்தது. பிரெஞ்சு அறிஞர் பூஷே இதனை விரிவாக எழுதியிருந்தார். காந்தாரத்துப் புத்தரின் ஆடை மடிப்பும் அப்பொலோ தெய்வத்தை ஒத்த முகமும் அவருக்குச் சான்றாயின. கடவுளைக் கும்பிடக்கூட ஆசியர் ஐரோப்பியரிடமே உருவம் இரந்தனர் என்பது அதன் உட்பொருள்.

1927இல் ஆனந்தக் குமாரசுவாமி இதனை மறுத்து நீண்ட ஆய்வொன்றை வெளியிட்டார். மதுரா நகரத்துச் செம்மணற்கல் புத்தர், பழைய இயக்கர் சிலைகளின் வழிவந்தவர் என்று உருவங்களை அருகருகே வைத்துக் காட்டினார். அமர்ந்திருக்கும் யோக நிலையும் கை முத்திரையும் இந்திய மண்ணுக்குரியவை என்றார். பக்தி பெருகிய காலத்தில் உருவத்தின் தேவை உள்ளிருந்தே எழுந்தது என வாதிட்டார். மதுராவிலும் காந்தாரத்திலும் ஏறக்குறைய ஒரே காலத்தில் இரு மரபுகளாகப் படிமங்கள் தோன்றின என்பதே பின்வந்த அறிஞர் பலரின் நிலை. அவர் வாதம் முழுவதும் வென்றதெனக் கூறமுடியாது. ஆயினும் கிரேக்கமே எல்லாவற்றிற்கும் ஊற்று என்று ஆராயாமல் சொல்லும் வழக்கம் அதன்பின் எளிதாயிருக்கவில்லை.

அவர் கோபத்தால் வாதிடவில்லை என்பதே நாம் கற்க வேண்டியது. கிரேக்கம், இலத்தீன், சமஸ்கிருதம், பாளி ஆகிய மூலமொழிகளில் ஆழ்ந்து, எதிர்வாதியின் சான்றுகளை அவரிலும் நன்றாக அறிந்தபின்னரே எழுதினார்.

கிழக்கும் மேற்கும்

இறுதிப் பதினைந்து ஆண்டுகளில் அவர் மெய்யியலில் மூழ்கினார். பிளேற்றோ, புளொற்றினஸ், தோமஸ் அக்குவைனஸ், ஜேர்மன் ஞானி எக்கார்ட் ஆகியோரை உபநிடதங்களுடனும் பௌத்த நூல்களுடனும் ஒப்பிட்டு எழுதினார். 1934இல் வெளிவந்த நூலில் எக்கார்ட்டின் கலைக்கொள்கைக்கும் இந்தியச் சிற்பியின் தியானத்திற்கும் உள்ள ஒற்றுமையை எடுத்துக்காட்டினார். மேலைத்தேயம் முழுவதும் பொருளாசை, கீழைத்தேயம் முழுவதும் ஆன்மிகம் என்ற எளிய பிரிவினையை அவர் ஏற்கவில்லை. நவீன ஐரோப்பா தன்னுடைய பழைய ஞானத்தையே மறந்தது, மறந்த பின்னர் மற்றையோரை அறியாதவர் என்றது என்பதே அவர் குற்றச்சாட்டு.

எழுத வாசிக்கத் தெரியாதோர் அறிவிலிகள் என்ற கருத்தையும் அவர் தாக்கினார். ஏட்டைக் காணாமலே தேவாரம் பாடிய எமது பாட்டிமாரையும், கூத்துப் பாட்டை முழுவதும் நினைவில் வைத்திருந்த அண்ணாவிமாரையும் அறிந்த எமக்கு அவர் சொல்வது விளங்கும். மனத்திலிருந்து அழிந்த மரபை அச்சு நூல் மாத்திரம் காப்பாற்றாது என்பது அவர் எச்சரிக்கை.

அவரிடத்தும் குறைகள் உண்டு

பெரியோரை வணங்குவதோடு நில்லாது ஆராய்வதே அறிவுடைமை. கடந்தகாலச் சமுதாயத்தை அவர் அளவிறந்து போற்றினார். வருணப் பாகுபாட்டை ஓர் ஒழுங்கான தொழிற்பகிர்வாக நியாயப்படுத்தினார். கோயில் வாசலில் தடுத்து நிறுத்தப்பட்டவனின் பார்வையில் அந்த ஒழுங்கு எப்படித் தோன்றும் என்று அவர் கேட்கவில்லை. உடன்கட்டை ஏறுதலைப் பற்றியும் பரிவோடு எழுதினார். பெண்கள் இதனை இன்று ஏற்கமாட்டார்கள், ஏற்கவும் கூடாது. தமிழ்ச் சாத்திரங்களை எடுத்தாண்ட போதிலும், பல இடங்களில் அவற்றை வேத மரபின் கிளையாகவே கண்டார். சங்க இலக்கியத்தின் தனித்த உலகம் அவர் எழுத்தில் உரிய இடம் பெறவில்லை.

1978இல் எட்வர்ட் செயிட் கீழைத்தேயவியலை விமர்சித்து எழுதிய நூல் வெளிவந்தபின், குமாரசுவாமியின் இந்தியாவும் ஐரோப்பியர் கற்பனை செய்த ஆன்மிக இந்தியாவின் மறுபதிப்பே என்று சிலர் கூறலாயினர். அதில் ஓரளவு உண்மை உண்டு. அயலானின் அளவுகோலைக் கேள்வி கேட்பவன் தன் வீட்டு அளவுகோலையும் அவ்வாறே கேள்வி கேட்டாக வேண்டும். முதற்பணியை அவர் செய்தார். இரண்டாவது பணி எமக்கு விடப்பட்டுள்ளது.

அவுஸ்திரேலியாவில் நாம்

குமாரசுவாமி இலங்கைக்குத் திரும்பிய காலத்திற்குச் சற்று முன்னர், 1901இல், அவுஸ்திரேலியா குடிவரவுக் கட்டுப்பாட்டுச் சட்டத்தை இயற்றி, ஐரோப்பியர் அல்லாதார்க்குக் கதவடைத்தது. பேர்ட்வூட் கலைக்கு வைத்த அளவுகோலை இந்நாடு மனிதருக்கே வைத்தது. அக்கொள்கை 1973இல் முற்றாகக் கைவிடப்பட்ட பின்னரே எம்மவர் பெருந்தொகையாக இங்கு வர முடிந்தது. இந்த மண்ணின் ஆதிக்குடிகளோ இந்த அளவுகோலால் எம்மிலும் பெரிய இழப்பை அடைந்தவர்கள்.

பின்னர் காலம் மாறிற்று. கன்பராவிலுள்ள தேசிய கலைக்கூடம் 2008இல் சோழர் காலத்து நடராசர் திருமேனியொன்றை ஏறக்குறைய ஐம்பது இலட்சம் அமெரிக்க டொலர் கொடுத்து வாங்கியது. சிட்னியிலுள்ள நியூ சவுத் வேல்ஸ் கலைக்கூடம் 2004இல் அர்த்தநாரீசுவரர் கற்சிலை ஒன்றை வாங்கியிருந்தது. நடராசர் ஸ்ரீபுரந்தான் கோயிலிலிருந்தும், அர்த்தநாரீசுவரர் விருத்தாசலம் கோயிலிலிருந்தும் களவாடப்பட்டவை என்பது பின்னர் தெரியவந்தது. 2014 செப்ரெம்பரில் அப்போதைய அவுஸ்திரேலியப் பிரதமர் இரண்டையும் புதுடில்லியில் இந்தியப் பிரதமரிடம் கையளித்தார்.

கலை இல்லை என்று ஒரு நூற்றாண்டின் தொடக்கத்தில் எள்ளப்பட்ட மரபின் படிமம், அடுத்த நூற்றாண்டின் தொடக்கத்தில் களவாடியேனும் விற்கத்தக்க பெருஞ்செல்வமாயிற்று. இதனை வெற்றி என்று கொள்ளலாமா? குமாரசுவாமி இருந்திருந்தால் அவ்வாறு கொண்டிருக்கமாட்டார். அருங்காட்சியகத்தில் பணிபுரிந்தவராயினும், அங்குள்ள பொருள்கள் அங்கு வைப்பதற்காகச் செய்யப்பட்டவை அல்ல என்பதை 1943இல் வெளிவந்த நூலில் வற்புறுத்தியவர் அவர். கண்ணாடிப் பேழைக்குள் வைத்து அழகு என்று போற்றுவதும், பொருளை அறியாதவரையில், அந்தப் பழைய அளவுகோலின் மற்றொரு முனையே.

இறுதிக் காலம்

1947 ஆகஸ்டில் எழுபது வயது நிரம்பியது. நண்பர்கள் விழா எடுத்தனர். மலாயாவில் வாழ்ந்த துரைராஜசிங்கம் அவருக்கு ஓர் அஞ்சலித் தொகுப்பை வெளியிட்டார். அவரது கடிதங்களையும் நினைவுகளையும் தேடித் திரட்டுவதைத் தம் வாழ்நாள் தொண்டாகக் கொண்டவரும் இவரே. புலம்பெயர்ந்த ஒரு தமிழரின் நினைவைப் புலம்பெயர்ந்த மற்றொரு தமிழர் காத்தார். ஓய்வு பெற்று இந்தியா திரும்பி, எஞ்சிய நாள்களைத் தியானத்தில் கழிக்க ஆனந்தர் எண்ணியிருந்தார். அவ்வெண்ணம் நிறைவேறவில்லை. இந்தியா விடுதலை பெற்று ஒரு மாதம் முடியுமுன், செப்ரெம்பர் 9ஆம் திகதி மசச்சுசெற்ஸ் மாநிலத்தின் நீடம் என்னுமிடத்தில் உயிர்நீத்தார்.

எமது பிள்ளைகள் இங்குள்ள பள்ளிகளிலும் பல்கலைக்கழகங்களிலும் மெய்யியல் படிக்கும்போது பாடம் பெரும்பாலும் கிரேக்கத்தில் தொடங்குகின்றது. பிளேற்றோவை அவர்கள் கற்கட்டும், நன்றாகவே கற்கட்டும். குமாரசுவாமியும் கற்றார். ஆனால் சனிக்கிழமைத் தமிழ்ப் பாடசாலை என்பது பரீட்சைப் புள்ளிக்காக மாத்திரம் என்றிருந்தால், திருமந்திரமும் உண்மை விளக்கமும் சிந்தனை நூல்கள் என்பதையே அவர்கள் அறியமாட்டார்கள். சிவநடனம் ஆங்கிலத்தில் கிடைக்கின்றது. தமிழ் எழுத்துக் கூட்டி வாசிக்கத் தடுமாறும் பிள்ளையும் அதனை வாசிக்கலாம். வாசித்தபின், இதன் மூலப்பாட்டு எங்கே என்று அப்பிள்ளை கேட்குமாயின், எடுத்துக் கொடுக்க வீட்டில் நூலும், பொருள் சொல்ல ஒருவரும் இருத்தல் வேண்டும். தந்தையின் மொழியைச் சிறுவயதிலேயே இழந்த ஒருவர் அயல்நாட்டில் இருந்து இவ்வளவும் தேடித் தந்தார். அம்மொழியோடு வந்து சேர்ந்த நாம் அந்த ஒரு நூலையேனும் வீட்டில் வைத்திருக்கலாம்.